சிவப்பு மையில் நான் எழுதியது

கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்துகிறேன். ஆப்பிரிக்கக் கிராமம் ஒன்றின் வழக்கங்களை வெள்ளைக்காரர்கள் வந்து குலைத்துப்போடும் நாவல்தான் எனக்குப் பிடித்த பாடம். அதை நடத்தும்போது கோபத்தில் என் குரலே உயர்ந்துவிடும்.

போன வருடத் தேர்வில், 'அந்தக் கிராமம் ஏன் வீழ்ந்தது?' என்று கேட்டிருந்தேன். பழவேற்காட்டு மீனவக் குடும்பத்துப் பெண் கலைவாணி, பாதி விடையில் தன் ஊர் ஏரியைப் பற்றி எழுதியிருந்தாள். 'பாடத்தில் இல்லாதது' என்று சிவப்பு மையில் எழுதி பூஜ்யம் போட்டேன்.

விடைத்தாளோடு வந்து நின்றாள்.

"கதைய உட்டுட்டு எழுதல மேடம். ஏரில யாரு, என்னிக்கு, எங்க வலை போடணும்னு ஊரே கூடி முறை வச்சிக்கினு இருக்கோம். அந்த முறைக்குப் பேரு 'பாடு'. ஏரிய அளக்க வந்த கவர்மெண்ட் ஆபீசர், 'அது எந்தப் பேப்பர்ல இருக்கு?'ன்னு கேட்டாரு. இல்லன்னதும் சிரிச்சாரு. எங்கப்பா தலையக் குனிஞ்சிக்கினாரு. கதைல வெள்ளைக்காரனும் அதானே மேடம் பண்றான்?"

அவள் நீட்டிய தாளில் என் சிவப்பு எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாவலில் வரும் வெள்ளைக்கார அதிகாரியை வகுப்பில் எத்தனை முறை திட்டியிருப்பேன்! அவனும் இதைத்தான் எழுதியிருப்பான்.

மதிப்பெண்ணைத் திருத்துவது சுலபமாக இருந்தது. மறுநாள் வகுப்பில் சாக்பீஸை அவளிடம் கொடுத்துவிட்டு, கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். அவள் ஏரியை வரைந்து, வலை இறங்கும் இடங்களை ஒவ்வொன்றாகக் குறித்தாள். நான் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

இந்த வருடமும் அந்த நாவல்தான் நடத்துகிறேன். அதிகாரி வரும் பக்கத்தில் மட்டும் இப்போது என் குரல் உயர்வதில்லை.