வீம்பும் ஒரு நல்லி எலும்பும்

வீம்பு என்றால் என்னவென்று கட்டுமாவடியில் யாராவது கேட்டால், மீன் வியாபாரி சைபுல்லாவைக் கைகாட்டிவிடுவார்கள். பிடிவாதம் வேறு, வீம்பு வேறு. பிடிவாதக்காரன் தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பான். வீம்புக்காரன் வயிறு காய்ந்தாலும் முயலே வேண்டாம் என்பான். "இஷ்டமில்லாட்டி எறங்கிக்கங்க" என்று கண்டக்டர் சொன்ன ஒரு சொல்லுக்காக, அறந்தாங்கி பஸ்ஸிலிருந்து பாதி வழியில் இறங்கி, வெயிலில் நடந்தே ஊர் வந்து சேர்ந்த மகராசன் அவர்.

அப்பேர்ப்பட்டவரைப் புதுவீட்டு விருந்துக்கு வாட்ஸ்அப்பில் அழைத்தால் போவாரா? அழைத்தவர் மனைவியின் அண்ணன் ஹாமித். இவர் போகவில்லை. ஏன் வரவில்லை என்று அவரும் கேட்கவில்லை. அந்தக் குடும்பத்திலும் வீம்புக்குப் பஞ்சமில்லை. ஒரு வருஷமாகப் பேச்சு இல்லை.

இப்போது மகள் ஃபர்ஹானாவுக்குக் கல்யாணம் நெருங்கிவிட்டது. "எங்கண்ணன் வராம எம்மகளுக்கு நிக்காஹ் இல்ல. நேர்ல போய்க் கூப்பிட்டு வாங்க" என்று மனைவி சம்சுன் நிஹார் சொல்லிவிட்டாள். மச்சான் இல்லாமல் சைபுல்லாவுக்கும் கை ஒடிந்த மாதிரிதான் இருந்தது. ஆனால் கால் எழவில்லை.

அந்த வாரம் பக்கத்துத் தெருவில் ஒரு கல்யாணம். ஒரே பெரிய தட்டைச் சுற்றி நாலு பேர் உட்காரும் சகன் சாப்பாடு. இடம் பார்க்காமல் உட்கார்ந்த சைபுல்லா நிமிர்ந்தால், எதிரே ஹாமித்! எழுந்து போனால் கல்யாண வீட்டுக்கு அவமரியாதை. குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார்.

சகனில் ஒரு நல்லி எலும்பு. அது சைபுல்லாவுக்கு உயிர். ஹாமித் அதை அவர் பக்கம் தள்ளினார். சைபுல்லா திருப்பித் தள்ளினார். மறுபடி வந்தது. மறுபடி போனது. சோறு தீர்ந்தும் எலும்பு போக்கும் வரவுமாகவே இருந்தது. கூட உட்கார்ந்திருந்த இருவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பேசாமல் இருந்தவன் இதை மட்டும் மறக்கவில்லையே என்று நினைத்துக்கொண்டார் சைபுல்லா.

"ஃபர்ஹானா கல்யாணத்துலயும் நீ என் சகன்லதான் உக்காரணும்" என்றார், தட்டைப் பார்த்தபடி.

"கூப்பிடாத கல்யாணத்துக்கு எப்புடி மச்சான் வாரது?"

"இப்பக் கூப்பிடுறேன்ல?"

"சோத்துக் கையோடயா? வீட்டுக்கு வந்து கூப்பிடுங்க."

சைபுல்லா எலும்பை எடுத்து உறிஞ்சினார்.

மறுநாள் காலை மனைவியோடு மச்சானின் புதுவீட்டு வாசலில் போய் நின்றார். "உள்ள வாங்க" என்று ஹாமித்தின் குரல் கேட்டது. சைபுல்லா அசையவில்லை. சம்சுன் நிஹார் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஹாமித் வெளியே வந்தார். இரண்டு கையாலும் மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"புதுவீட்டு விருந்துக்கு வாங்க மச்சான்."