384 குழிகளுடன் லண்டனுக்கு

2008 மார்ச்சில் நான் லண்டன் போனது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. அப்போது எடின்பரோவில் ஒரு சிறிய ஆய்வகத்தில், மருந்தாகக்கூடிய சேர்மங்களைத் தேடும் வேலையில் இருந்தேன். ஒரு நொதியைத் தடுக்கும் சேர்மம் எங்களுக்கு வேண்டும். ஒளிரும் சாயத்தை வைத்துச் செய்த சோதனையில் இருபத்திரண்டு தேறியிருந்தன. அவற்றில் பதினேழாம் எண்ணின் மேல் எனக்கும் என் மேலாளருக்கும் தனிப் பிரியம். அந்தக் குளிர்காலம் முழுவதும் அதனோடுதான் கழிந்தது.

ஆனால் சில சேர்மங்கள் நொதியைத் தொடாமலே சாயத்தின் ஒளியை மட்டும் மங்கவைத்து நம்மை ஏமாற்றும். மாஸ் ஸ்பெக் கருவிக்கு ஒளி தேவையில்லை. நொதி உண்டாக்கும் பொருளை அதன் நிறையைக் கொண்டே கண்டுபிடித்து அளந்துவிடும். எங்கள் கருவிக்கு ஒரு மாதிரிக்கு மூன்று நிமிடம் ஆகும். லண்டன் ஆய்வகம் ஒன்றுக்குப் புதிதாக வந்திருந்த கருவிக்கு எட்டே விநாடி! திங்கள் காலை ஒன்பது மணிக்கு அங்கே எங்களுக்கு இடம் கொடுத்தார்கள். மிச்சமிருந்த நொதி முழுவதையும் அந்தச் சேர்மங்களோடு சேர்த்து உள்ளங்கை அகலமுள்ள ஒரே பிளேட்டில், 384 குழிகளில் செலவழித்து, உறையவைத்து எடுத்துக்கொண்டேன். வழியில் உருகினால் மாதிரி கெட்டுவிடும்; இன்னொரு பிளேட்டுக்கு நொதி இல்லை.

ஞாயிறு காலை பதினொரு மணி ரயில். சுமார் 630 கிலோமீட்டர், முன்பதிவில் 31 பவுண்டு. மூன்றே முக்காலுக்குக் கிங்ஸ் கிராஸ். அங்கிருந்து நார்தர்ன் லைனில் டூட்டிங் பிராட்வே முப்பத்தைந்து நிமிடம். அப்பர் டூட்டிங் ரோட்டில் ஒரு மளிகைக் கடையின் மாடியில் 25 பவுண்டுக்கு அறை சொல்லியிருந்தேன். அறைக்குப் போய், பிளேட்டை வைத்திருந்த தெர்மாகோல் பெட்டியைத் திறந்து பார்த்தேன். தானாக ஆவியாகிக் கரைந்துவிடும் உலர் பனிக்கட்டி ஒரு கைப்பிடிதான் மிச்சம். வெள்ளிக்கிழமையே வாங்கி வைத்தது என் முட்டாள்தனம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் லண்டன் ஆய்வகமும் பூட்டியிருந்தது.

பெட்டியோடு கீழே ஓடினேன். கடைக்காரர் ரஞ்சன் அண்ணை, ஜெர்மனியில் பல வருடம் ஹோட்டல் சமையலறையில் வேலை செய்துவிட்டு இங்கே வந்தவர்.

"உதுக்குள்ள என்ன தங்கச்சி?"

"ஆராய்ச்சிக்கான ரசாயனம் அண்ணா. உறைஞ்சே இருக்கணும். காலைல வரைக்கும் உங்க பிரீசர்ல வைக்க முடியுமா?"

"சாப்பாட்டுச் சாமானோட ரசாயனம் வைக்க ஏலாது. கவுன்சில்காரர் கண்டால் கடையைப் பூட்டிப்போடுவினம்."

அவர் சொன்னது நியாயம்தான். கேட்டதற்கே வெட்கப்பட்டேன். என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, "பின்னால பழைய பிரீசர் ஒண்டு சும்மா கிடக்கு. எறியத்தான் வைச்சிருக்கிறன். வேலை செய்யுதோ தெரியாது. வாங்கோ, பாப்பம்" என்றார்.

மேலே அடுக்கியிருந்த அரிசி மூட்டைகளை இறக்கி, சுவிட்சைப் போட்டார். அது லாரி மாதிரி உறுமிக்கொண்டு நடுங்கியது. உள்ளே ஒரு தெர்மாமீட்டரைப் போட்டு மூடிவிட்டு, என்னைப் பக்கத்துக் கடைக்குச் சாப்பிட அனுப்பினார். நான்கு பவுண்டுக்குக் கொத்து ரொட்டி. பாதிக்கு மேல் இறங்கவில்லை. ஆறரைக்குத் திரும்பி வந்தபோது மைனஸ் பதினெட்டு. பிளேட்டை உள்ளே வைத்தேன்.

"ஓம், பிடிச்சிட்டுது. இனிப் போய்ப் படுங்கோ."

காலை ஏழே காலுக்குப் பிளேட் கல்லாக இருந்தது.

ஆய்வகத்தில் கருவியை இயக்கியவர் கோமதி, மலேசியாவிலிருந்து படிக்க வந்து இங்கேயே வேலையில் அமர்ந்தவர். பிளேட்டை உருகவைத்து ஏற்றினார். ஐம்பத்தோரு நிமிடத்தில் முடிந்தது. இருபத்திரண்டில் மூன்றுதான் நொதியை உண்மையாகவே தடுத்திருந்தன. பதினேழு அந்த மூன்றில் இல்லை.

"இன்னொரு தடவை ஓட்டிப் பாக்கலாமா?" என்று கேட்டேன்.

"எல்லாரும் இதான் கேப்பாங்க" என்று சிரித்துக்கொண்டே ஓட்டினார். அதே முடிவு.

மேலாளருக்குப் போன் செய்தேன்.  அவர் அந்த மூன்றின் எண்களைச் சொல்லச் சொல்லிக் குறித்துக்கொண்டார். ரஞ்சன் அண்ணைக்கும் சொன்னேன்.

"மூணு தேறிச்சு அண்ணா. எனக்குப் பிடிச்சது மட்டும் போச்சு."

"மூண்டு இருக்குதெல்லோ? பிறகென்ன!"

மாலை ரயிலுக்கு நேரம் இருந்ததால் ஆர்ச்வே போய், ஹைகேட் மேட்டில் ஏறி முருகன் கோயிலில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வருத்தம் இருந்தது. ஆனால் இன்னும் ஒரு வருடத்தைப் பதினேழுக்குக் கொட்டியிருப்போம் என்று நினைத்தபோது நிம்மதிதான் பெரிதாகத் தெரிந்தது.

இப்படி மாதிரியோடு பயணம் போகிறவர்களுக்கு: உலர் பனியைக் கிளம்பும் அன்று வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை போய்ச் சேராதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, உங்களுக்குப் பிடித்த சேர்மத்தை ஒரே இடத்தில் வைக்காமல் பிளேட்டின் நான்கு மூலைகளிலும் வையுங்கள். ஒரு மூலை உருகிக் கெட்டாலும் மற்றவை பதில் சொல்லும். நான் அப்படித்தான் வைத்திருந்தேன். நான்கு மூலைகளும் ஒரே பதிலைச் சொன்னதால், திரும்பும் ரயிலில் எடின்பரோ வரை அசையாமல் தூங்கினேன்.