மணலுக்கு இறக்கிய காற்று

இந்த வாரப் பத்திரிகைப் பத்தியை எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. சிரிக்காதீர்கள். ஊரில் பதினொரு வருடம் வான் ஓட்டிய கை இது!

சென்ற சனிக்கிழமை நண்பன் ரஞ்சனின் மனைவியும் மகளும் ஊரிலிருந்து இங்கே டென்மார்க்குக்கு வந்து சேர்ந்தார்கள். ஹேர்னிங் ஸ்டேசனில் ஏற்றிக்கொண்டு நாங்கள் இருக்கும் பிராண்டேக்கு வரவேண்டும். ரஞ்சன் கார் பழகிக்கொண்டிருந்தான், லைசென்ஸ் இன்னும் கைக்கு வரவில்லை. என்னிடம் லைசென்ஸ் இருக்கிறது, பழைய கார் ஒன்று இருக்கிறது, அளவுக்கு மிஞ்சிய வாயும் இருக்கிறது.

மகள் சுபாவுக்கு இரண்டரை வயது. அவள் பிறக்குமுன்பே ரஞ்சன் இங்கே வந்துவிட்டான். போட்டோவில் மட்டும் பார்த்த பிள்ளை.

அன்று காலையில் எழுந்து பார்த்தால் ஊரெல்லாம் ஸ்னோ. ரஞ்சன் என் வாசலில் நிற்கிறான்.

"அண்ணை, இதுக்குள்ள ஓடலாமோ?"

"எடேய், மணற்காட்டு மணலுக்கை வான் விட்டவனுக்கு இது ஒரு கதையோ?"

வடமராட்சிக் கரையில் வாகனம் ஓட்டியவர்களுக்குத் தெரியும். மணலுக்குள் இறங்குமுன் டயரில் கொஞ்சம் காற்றை இறக்கிவிடுவோம். டயர் பரந்து மணலைப் பிடித்துக்கொண்டு போகும். ஸ்னோவும் மணல் மாதிரித்தானே கிடக்கிறது? போட்டிருந்ததோ புத்தம் புதிய குளிர்கால டயர். நாலிலும் வால்வை அமத்தி 'உஸ்ஸ்...' என்று இறக்கினேன். அளக்கக் கேஜ் எதற்கு, பெருவிரல் இருக்கும்போது? "காத்தை இறக்கினாத்தான் பிடிக்கும், கண்டியோ" என்று பாடமும் எடுத்தேன். ரஞ்சன் பக்கத்தில் நின்று கவனமாகக் கேட்டுக்கொண்டான்.

ஸ்டேசனில் சுபா தாயின் சேலைக்குள் ஒளிந்துகொண்டாள்.

"அப்பா பிள்ளை, அப்பாட்டைப் போங்கோ" என்றாள் தாய்.

"மாமா" என்றது பிள்ளை.

ரஞ்சன் சிரித்தான். பிறகு பெட்டியைத் தூக்கும் சாட்டில் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மூவரும் பின்சீட்டில். பெருந்தெருவில் ஸ்னோவை வழித்துவிட்டிருந்தார்கள். தெரு கறுப்பாக மினுங்கியது. மணலுமில்லை, ஒன்றுமில்லை! கொஞ்சம் வேகம் பிடித்தேன். அப்போதுதான் ஸ்டியரிங் கையில் குழைவதுபோல இருந்தது. ஒடித்தால் கார் யோசித்து யோசித்துத் திரும்பியது. ஏதோ சரியில்லை என்று மனம் சொன்னது. வாய் மட்டும் ஊர்க் கதை கதைத்துக்கொண்டிருந்தது.

ஒரு வளைவு. எதிரே லொறி.

ஸ்டியரிங்கை ஒடித்தேன். கார் கேட்கவில்லை. இன்னும் ஒடித்தேன். இப்போது அளவுக்கு மிஞ்சிக் கேட்டது! பின்பக்கம் வீசி, கார் குறுக்காக லொறியின் பாதைக்குள் வழுக்கிப் போனது. லொறியின் ஹோர்ன்... வெளிச்சம்... "அண்ணை!" என்று ரஞ்சனின் அலறல். ஐயோ, பிள்ளை! அது ஒன்றுதான் நினைவில் வந்தது.

உண்மையைச் சொல்கிறேன். நான் கண்ணை மூடிவிட்டேன்.

திறந்தபோது காரின் மூக்கு தெருவோர ஸ்னோவுக்குள் புதைந்திருந்தது. லொறி எங்களை ஒரு சாண் இடைவெளியில் கடந்து போயிருந்தது. பின்சீட்டில் சத்தமே இல்லை. திரும்பிப் பார்க்க எனக்குப் பயம். அந்த ஒரு நிமிடப் பயத்தை என் எதிரிக்கும் கொடுக்க மாட்டேன். பிறகு சுபா வீரிட்டு அழுதாள். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

லொறிக்காரர் திரும்பி ஓடி வந்தார். தாடி வைத்த டெனிஷ்காரர். மூவரையும் தன் லொறிக்குள் சூட்டில் ஏற்றி இருத்திவிட்டு, நேரே என் டயரடியில் குந்தினார். கேஜை வைத்தார். இரண்டில் நிற்க வேண்டிய முள் ஒன்றைத் தாண்டவில்லை. குளிரில் காற்றுத் தானாகவே குறையுமாம். அதனால் இங்கே குளிர் காலத்தில் ஓடுமுன் அளந்து, டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும் கணக்குக்குக் குறையாமல் அடிப்பார்களாம். நான் குறைந்ததையும் குறைத்திருக்கிறேன்! "யார் இறக்கியது?" என்று கேட்டார். எனக்குத் திடீரென்று டெனிஷ் மறந்துபோனது.

காரை ஸ்னோவிலிருந்து இழுத்தெடுத்து, லொறியிலிருந்தே குழாய் இழுத்துக் காற்றடித்து, உள்ளே இருந்ததால் இதொன்றையும் காணாத மூவரையும் இறக்கிவிட்டுப் போனார்.

"என்னவாம் அண்ணை?" ரஞ்சன் கேட்டான். சுபா அவன் கோட் கொலரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தோளில் கிடந்தாள்.

"ஐஸ்தானாம். ஐஸ் வழுக்கினதாம்."

இப்படி ஒரு பொய்யை எவ்வளவு சுலபமாகச் சொன்னேன்!

அதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். நேற்று ரஞ்சன் டெலிபோன் எடுத்தான். அவனுக்கு லைசென்ஸ் கிடைத்துவிட்டதாம். வருகிற சனிக்கிழமை கார் வாங்குகிறானாம்.

"அண்ணையின்ர ஓட்டம்தான் அண்டைக்கு எங்களைக் காப்பாத்தினது எண்டு எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரியிறன். நானும் உங்களை மாதிரிக் காத்தை இறக்கிப்போட்டுத்தான் சுபாவைக் கொண்டு திரிவன்."

சனிக்கிழமை வந்ததைவிடப் பெரிய பயம் அப்போது வந்தது. அப்படியிருந்தும் சொன்னேனா? "ம்... பாப்பம்" என்று ரிசீவரை வைத்துவிட்டேன். நேரே சொல்ல வாய் வராத கோழை நான். ஆனால் இந்தப் பத்தியை முதல் ஆளாக வாசிப்பவன் அவன். வியாழக்கிழமை பத்திரிகை அவன் கைக்குப் போய்விடும்.

தம்பி ரஞ்சன், அது ஐஸ் இல்லையடா. நான்தான்.