ஆடு கேட்காது, ஆனால் சொல்லணும்

போன வாரம் சென்னையில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். அவளுடைய பேத்திக்கு நாலு வயது. கூடத்தில் ஒரு டப்பா வைத்திருக்கிறார்கள்... பேசினால் பாட்டுப் போடுமே, அந்த டப்பா. குழந்தை அதன் முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டு அதட்டுகிறது. 'பிளே.' பாடுகிறது. 'ஸ்டாப்.' நிறுத்துகிறது. 'நெக்ஸ்ட்.' அடுத்த பாட்டுக்குத் தாவுகிறது.

தங்கைக்குப் பெருமை தாங்கவில்லை. "இந்த வயசுல என்னமா இங்கிலீஷ் பேசறா பாத்தியாக்கா?"

பார்த்தேன். எனக்கு இங்கிலீஷ் பெரிதாகப் படவில்லை. அந்த அதட்டல்தான் என்னைப் படுத்தியது. உத்தரவு போடுவது இவ்வளவு சுலபமா? என் அஞ்சலைக்கு அது வருவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்ததே.

அஞ்சலை யார் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

எண்பதுகளின் கடைசி. நான் பி.எட். படித்துக்கொண்டிருந்தேன். டீச்சிங் பிராக்டீஸுக்கு நைனார்பாளையத்துக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் போட்டார்கள். எனக்குச் சொந்த ஊர் திருக்கோவிலூர். தினமும் போய்வர முடியாது என்று சின்னசேலத்தில் ரூம் எடுத்துத் தங்கினேன். காலையில் டவுன் பஸ். ஒரு கையில், இன்னும் கட்டிப் பழகாத புடவையின் கொசுவம். இன்னொரு கையில், சுருட்டிய சார்ட்.

கண்டக்டர் தினமும் கேட்பார்: "டீச்சர், ஒங்க சார்ட்டு நிக்கிற எடத்துல ரெண்டு ஆளு நிக்கலாம். அதுக்கும் சேத்து டிக்கெட் கிழிச்சிடவா?"

என்னை முதன்முதலில் டீச்சர் என்று கூப்பிட்டவர் அந்த மனிதர்தான். அதற்காகவே அவர் கிண்டலை எல்லாம் பொறுத்துக்கொண்டேன்.

காலேஜில் எங்களுக்கு நன்றாக ஓதி அனுப்பியிருந்தார்கள். கிராமரை போர்டில் எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யச் சொல்லக் கூடாது, ஆக்டிவிட்டி வழியாக நடத்த வேண்டும். எனக்குக் கொடுத்தது எட்டாம் வகுப்பு. நான் எடுத்துக்கொண்ட பாடம் கட்டளை வாக்கியங்கள். ஒருவர் சொல்ல வேண்டும், இன்னொருவர் செய்ய வேண்டும். இதைவிட லேசான பாடம் உண்டா?

முதலில் எனக்கே உத்தரவு போடச் சொன்னேன். வகுப்பு கப்சிப். கடைசியில் ஒரு பெண் எழுந்து கைகட்டிக்கொண்டு, "சிட் டவுனுங்க டீச்சர்" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. சரியாகச் சொல்லிவிட்டாள் என்று எல்லோரும் தலையாட்டினார்கள். நான்தான் சிரித்தேன்.

சரி, டீச்சரிடம் கூச்சம். ஜோடி ஜோடியாக அவர்களுக்குள்ளேயே சொல்லட்டும் என்று விட்டேன். வகுப்பு கலகலவென்று ஆனது. ஒரு ஜோடி மட்டும் ஊமையாக நின்றது. அஞ்சலை, தனசேகர்.

"சொல்லும்மா... ஸ்டாண்ட் அப்."

அஞ்சலை தலையைக் குனிந்துகொண்டாள்.

"தெரியலையா?"

"தெரியுது டீச்சர்."

"அப்புறம் என்ன?"

பக்கத்துப் பெண் பதில் சொன்னாள். "அவங்க நெலத்துலதான் டீச்சர் இவங்க அம்மா களை எடுக்கப் போவுது. இவ போயி அவங்கள எய்ந்திருன்னு எப்டி சொல்லுவா?"

தனசேகர் காம்பஸ் முனையால் பெஞ்சைச் சுரண்டிக்கொண்டிருந்தான். அவனும் தலை நிமிரவில்லை. என் லெசன் பிளானில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

கமிஷனுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. கமிஷன் என்றால், வெளியிலிருந்து ஆட்கள் வந்து நாங்கள் பாடம் நடத்துவதைப் பார்த்து மார்க் போடுவது. என்னைக் கவனித்துக்கொண்டிருந்த அந்தப் பள்ளி இங்கிலீஷ் சார் நல்ல மனசுக்காரர். என் மார்க்கைப் பற்றி என்னைவிட அவருக்குக் கவலை.

"இன்னாம்மா இதப் போயி பெருசாக்கிக்கினு இருக்கிற? அந்தப் புள்ளைய கடைசி பெஞ்சுல ஒக்கார வச்சிடு. கமிஷன் அன்னிக்கி நல்லா பேசற புள்ளைங்க நாலு பேர முன்னால நிறுத்து. எல்லாரும் அப்டித்தான் பண்றாங்க."

மனசு கேட்கவில்லை. தெரியுது டீச்சர் என்று சொன்ன பிள்ளையை எப்படிக் கடைசி பெஞ்சுக்கு அனுப்புவது?

அன்று சாயங்காலம் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். மேற்கே கல்வராயன் மலைக்கு மேல் மழை கறுத்துக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் ஓட்டமாக ஆடு ஓட்டிக்கொண்டு வந்தாள் ஒருத்தி. கையில் குச்சி. என்ன குரல்... "தே, அங்க இன்னா மேயற? வா இங்க. நில்லுன்னா நிக்கணும்." அஞ்சலைதான். என்னைப் பார்த்ததும் குச்சியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

மறுநாள் நான் ஆடானேன்.

ஆமாம். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, காது இரண்டிலும் கையை வைத்து, 'மே' என்று கத்தினேன். ஹெட்மாஸ்டர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அஞ்சலை கையில் ஸ்கேலைக் கொடுத்து ஓட்டச் சொன்னேன்.

"கம் ஹியர்" என்றாள். வந்தேன். "கோ" என்றாள். போனேன். மேசையில் இருந்த பூவை மேயப் போனேன்.

"டோன்ட் ஈட்... டீச்சர், டோன்ட் ஈட்டுன்னா ஆடு கேக்குமா?"

"தமிழ்ல சொன்னா கேக்குதா?"

"கேக்காது டீச்சர். ஆனா சொல்லணும்."

வகுப்பு சிரித்து ஓய்வதற்குள் தனசேகர் எழுந்தான். "டீச்சர், அடுத்து நான் ஆடு."

அவ்வளவுதான். அஞ்சலையின் வாய் மறுபடி பூட்டிக்கொண்டது. டீச்சரை ஓட்டினவளுக்கு அவனை ஓட்ட வரவில்லை. மணி அடிக்கும்வரை ஸ்கேலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இங்கிலீஷ் சார் நிஜமாகவே பயந்துவிட்டார். "அவங்க அப்பா வந்து எம் பையன ஆடாக்கினியான்னு கேட்டா நான் இன்னா சொல்றது? ஆட்டையாவது மாத்தும்மா."

அஞ்சலையைத் தனியே கூப்பிட்டேன். "வேற யாரையாவது ஆடா போடட்டுமா?"

"வாணாம் டீச்சர். அதே இருக்கட்டும். சொல்றேன்."

கமிஷன் வந்தது. இரண்டு பேர். தலைவர் கனத்த உடம்பு, கறுப்புக் கண்ணாடி ஃபிரேம். போர்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். நான் பாடத்தை ஆரம்பித்து, அஞ்சலையையும் தனசேகரையும் முன்னால் கூப்பிட்டேன். பின்னால் நின்ற இங்கிலீஷ் சார் கண்ணை மூடிக்கொண்டார்.

அஞ்சலை ஸ்கேலோடு நிற்கிறாள். தரையைப் பார்க்கிறாள். தலைவர் பேனா மூடியைத் திறந்தார். என் மார்க் போகட்டும்... இன்று இவள் வாய் திறக்காவிட்டால் இனி எப்போது திறப்பாள் என்றுதான் தோன்றியது.

தனசேகர் அவளைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பிறகு மெதுவாகத் திரும்பி, சுவரில் தொங்கிய என் சார்ட்டின் மூலையைக் கடித்தான். விளையாட்டுக்கு இல்லை. நிஜமாகவே கடித்து மென்றான்.

"டோன்ட் ஈட்."

அந்தக் குரல் ரோட்டில் கேட்ட குரல். ஸ்கேல் மேசையில் பளீரென்று விழுந்தது. "டோன்ட் ஈட். கம் ஹியர். சிட் டவுன்."

தனசேகர் உட்கார்ந்தான். சார்ட்டைக் காப்பாற்றப் பாதி எழுந்திருந்த கமிஷன் தலைவரும் உட்கார்ந்தார்.

அஞ்சலை வாயைப் பொத்திக்கொண்டாள். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் ஆடு இல்லம்மா. இருந்தாலும் பாரு, ஒக்காந்துட்டேன். ம்... மேல சொல்லு."

அவள் கையை எடுத்தாள். தனசேகர் பக்கம் திரும்பினாள். இந்த முறை அதட்டவில்லை. சாதாரணமாக, அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"ஸ்டாண்ட் அப்."

எழுந்து நின்றான். வாயில் இன்னும் சார்ட் துணுக்கு இருந்தது.

நான் போர்டைத் துடைக்கிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். என்ன மார்க் போட்டார்கள் என்பது இப்போது நினைவில் இல்லை. தனசேகரின் அப்பா வரவே இல்லை. அறுவடை நேரம், அவருக்கு ஆயிரம் வேலை. அஞ்சலை பிறகு என்ன ஆனாள் என்று எனக்குத் தெரியாது. இத்தனை வருஷ சர்வீஸில் எத்தனையோ ஆக்டிவிட்டி செய்துவிட்டேன். அந்த ஒரு வகுப்புக்காக இன்னும் மனசு ஏங்குகிறது.

டப்பாவிடம் உத்தரவு போடுவதில் என்ன இருக்கிறது? சொன்னதும் கேட்கும். கேட்குமோ கேட்காதோ என்று பயந்துகொண்டு, எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்துச் சொல்கிறோமே... அதைக் கற்றுக்கொள்ளத்தான் ஒரு வகுப்பறை வேண்டியிருக்கிறது.

இதையெல்லாம் தங்கையிடம் நின்றபடியே சொல்லிக்கொண்டிருந்தேன். குழந்தைக்குப் பொறுக்கவில்லை. டப்பாவை விட்டுவிட்டு என்னிடம் வந்து, இடுப்பில் கை வைத்து, "பாட்டி, டோன்ட் டாக். சிட் டவுன்" என்றது.

உட்கார்ந்தேன். ஆடாக இருந்து பழகினவள்தானே நான்.