கடல் உள்ளே போகும் என்று படிப்பித்தேன்

சுனாமி அடித்து இரண்டு வருஷம் முழுதாக முடியாத நேரம். கல்முனைக்குப் பக்கத்தில் ஒரு முஸ்லிம் ஊரில், தகரக் கொட்டிலில் நடந்த பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்புக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பழைய கட்டடத்தைக் கடல் கொண்டுபோயிருந்தது. யுத்தமும் திரும்பத் தொடங்கி, சந்திக்குச் சந்தி காவலரண்.

எங்கள் பிள்ளைகளுக்குக் கடல் என்றாலே நடுக்கம். ஏன் வந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். பாடப் புத்தகத்தில் கடல் என்றால் மீன், சிப்பி, தோணி, அவ்வளவுதான். இது போதாது, விஷயத்தை முழுசாக அறிந்தால் பயம் குறையும் என்று நினைத்தேன். அதிபரிடம் கேட்டு, ஒரு தவணைக்கு நானே பாடத்தை ஒழுங்குபடுத்தினேன். முதலில் பூமி உருண்டை, பிறகு அதன் உள்ளே என்ன இருக்கிறது, நிலம் ஏன் அதிர்கிறது, அலை எப்படி உண்டாகிறது, கடைசியில் சுனாமி. ஒரு கிழமையில் படித்தது அடுத்த கிழமைக்கு உதவ வேண்டும் என்று யோசித்து யோசித்து எழுதினேன். பேசினில் தண்ணீர் நிரப்பி, அடியில் பலகையை அசைத்து அலை காட்டினேன். எட்டு வயது, ஒன்பது வயதுப் பிள்ளைகள் 'நிலத்தட்டு' என்று வாய் நிறையச் சொல்வதைக் கேட்க எனக்குப் பெருமையாக இருந்தது.

சுனாமிப் பாடத்தை மட்டும், நிவாரணத்துக்கு வந்தவர்கள் தந்த ஒரு துண்டுப் பிரசுரத்தைப் பார்த்துத் தயாரித்தேன். சுனாமிக்கு முன் கடல் உள்வாங்கும் என்று அதில் படத்தோடு போட்டிருந்தது. சுனாமி அன்றைக்கு நான் கடலைக் கண்டவள் இல்லை. கடலுக்குத் தூரமாக, சவளக்கடைப் பக்கம் ஒரு கல்யாண வீட்டில் இருந்தேன். அதனால் கடதாசியில் இருந்ததை அப்படியே கரும்பலகையில் எழுதினேன்.

பின் வரிசை வாங்கில் இருந்த ஒரு பிள்ளை எழும்பினாள். அதிகம் கதைக்காதவள்.

"டீச்சர், கடல் உள்ளுக்குப் போகல்ல. அப்பிடியே எழும்பி வந்த."

"நீ அப்ப சின்னப் புள்ள. பயத்துல கவனிச்சிருக்க மாட்டாய்."

"நான் பார்த்த டீச்சர்."

"கடதாசில படத்தோட இரிக்கி. இரி."

இருந்துவிட்டாள். தவணைப் பரீட்சையில் அதே கேள்வியைக் கேட்டேன். சுனாமி வருவதற்கு முன் கடல் என்ன செய்யும்? அவள் 'ஒண்டும் செய்யாது' என்று எழுதியிருந்தாள். சிவப்புப் பேனையால் பிழை போட்டு, சரியான விடையை மூன்று தரம் எழுதி வரச் சொன்னேன். எழுதி வந்தாள்.

அடுத்த தவணை தொடங்கி இரண்டாம் கிழமை. இடைவேளை மணி அடித்துச் சொற்ப நேரத்தில், மோட்டார் சைக்கிளில் ஒருவர் "கடல் வருது! ஓடுங்க!" என்று கத்திக்கொண்டு போனார். அவ்வளவுதான். ஊர் முழுக்க மேற்கே, வயல் பக்கமாக ஓடத் தொடங்கியது. நானும் என் பிள்ளைகளைக் கையோடு கை கோக்க வைத்துப் பெரிய வீதியைக் கடந்து கொண்டுபோனேன். வயல் ஓரத்தில் நிறுத்தி எண்ணினேன். இரண்டு பேர் குறைவு. திரும்பவும் எண்ணினேன். இரண்டு பேர் இல்லை.

பரீட்சையில் பிழை வாங்கிய அந்தப் பிள்ளைதான் வந்து என் கையைப் பிடித்தாள்.

"டீச்சர், அவனுகள் ரெண்டு பேரும் கடல் பார்க்கப் போன."

"என்னத்துக்கு?"

"உள்ளுக்குப் போய்ட்டா எண்டு பார்க்க. உள்ளுக்குப் போனாத்தானே வரும் எண்டு நீங்க சொன்ன."

வகுப்பை பக்கத்து வகுப்பு டீச்சரிடம் விட்டுவிட்டு வந்த வழியே திரும்பினேன். எல்லோரும் எனக்கு எதிராக ஓடி வருகிறார்கள். தோளில் பிள்ளை, கையில் உம்மா, அவிழ்ந்த மாடு. "எங்க டீச்சர் போறீங்க?" என்று யாரோ என் தோளைப் பிடித்து இழுத்தார். உதறிவிட்டு ஓடினேன். அபாயா காலில் தடக்கியது. தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். கடற்கரை வீதிக் காவலரணில் நின்ற சிப்பாய் கையைக் காட்டி மறித்தார். எனக்குச் சிங்களம் வராது. "லமய்! லமய்!" என்றேன். பிள்ளைகள் என்று அந்த ஒரு சொல்தான் தெரியும். அவர் கடலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், விலகி வழி விட்டார்.

இரண்டு பேரும் மணலில், அலை வந்து போகும் இடத்திலிருந்து பத்து அடி தூரத்தில் நின்றார்கள். என் பாடத்தில் எல்லாவற்றுக்கும் சரி வாங்கிய பிள்ளைகள். என்னைக் கண்டதும் ஒருவன் சந்தோஷமாகக் கையை ஆட்டினான்.

"டீச்சர், கடல் உள்ளுக்குப் போகல்ல! சுனாமி இல்ல!"

யா அல்லாஹ், அந்த முகத்தில் எவ்வளவு நம்பிக்கை. இரண்டு பேருடைய கையையும் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். முதுகுக்குப் பின்னால் கடல் இரைகிற ஒவ்வொரு தரமும் இதுதான், இதுதான் என்று நெஞ்சு அடித்தது. திரும்பிப் பார்க்கவில்லை. செருப்பு கழன்றதும் தெரியவில்லை.

அன்று கடல் வரவில்லை. யாரோ கிளப்பிய வதந்தி. பின்னேரம் எல்லோரும் வீடு திரும்பினார்கள்.

அடுத்த நாலைந்து நாட்கள் கடலோர வீடுகளுக்கும், பக்கத்துத் தமிழ் ஊரின் மீனவர்களிடமும் போய், சுனாமி அன்றைக்கு முதலில் என்ன கண்டீர்கள் என்று கேட்டேன். அநேகமானவர்கள் ஒன்றைத்தான் சொன்னார்கள், கடல் உயர்ந்துதான் வந்தது என்று. பிறகு ஒரு விஞ்ஞான ஆசிரியரைப் பிடித்துக் கேட்டேன். கடலுக்கு அடியில் எந்தப் பக்கம் உயர்ந்தது, எந்தப் பக்கம் தாழ்ந்தது என்பதைப் பொறுத்துச் சில கரைகளில் முதலில் உள்வாங்கும், சில கரைகளில் உள்வாங்காமலே ஏறிவிடும் என்று விளக்கினார். எங்களுடையது ஏறிய கரை.

வகுப்புக்கு முன்னால் நின்று, நான் படிப்பித்தது பிழை என்று சொன்னேன். அந்தப் பிள்ளையை முன்னுக்குக் கூப்பிட்டு, "நீதான் சரி. என்னை மன்னிச்சுக்க புள்ள" என்றேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "எனக்குத் தெரியும் டீச்சர். தங்கச்சிர கையப் பிடிச்சுட்டுப் பார்த்துட்டுத்தானே நிண்ட."

அவளுடைய தங்கச்சியைக் கடல் கொண்டுபோனது அதுவரை எனக்குத் தெரியாது. அவள் வாய் திறந்த அன்று நான் கேட்டிருக்கவும் இல்லை.

பாடத்தைத் திரும்ப எழுதினேன். நிலம் அதிர்ந்தாலோ அறிவித்தல் வந்தாலோ கடலைப் பார்க்கப் போகக்கூடாது, மேற்கே ஓட வேண்டும் என்பதை அதில் முதல் வரியாக வைத்தேன். யுத்தம் முடிந்து, புதுக் கட்டடத்துக்கு வந்த பிறகும் வருஷா வருஷம் படிப்பித்தேன். அந்த அலையைக் கண்டவர்கள் யாராவது வகுப்பில் இருந்தால் முதலில் அவர்களைக் கதைக்க விடுவேன்.

பிள்ளைகள் நாங்கள் சொல்வதை மறந்துவிடுகிறார்கள் என்றுதான் ஆசிரியர்கள் கவலைப்படுவோம். அவர்கள் அதை அப்படியே நம்பிக் கடற்கரை வரைக்கும் நடந்து போவார்கள் என்பதை நினைக்கும்போதுதான் எனக்கு இன்றும் கரும்பலகையில் சோக்கட்டி பிடித்த கை ஒரு கணம் நின்றுவிடுகிறது.