முருங்கை மரத்தடியும் கம்பிக் கூண்டும்

நாய்க்குட்டி வந்த அன்றே கூண்டும் வந்துவிட்டது. கூரியர்காரர் இறக்கி வைத்த அந்தக் கம்பிக் கூண்டை என் மாமியார் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

“ஏங்கண்ணு, காசு குடுத்துப் பஞ்சாரம் வாங்கியிருக்கறயா? ஊட்டுல ரெண்டு கெடக்குதே” என்றார்.

கோழி மூடுகிற கூடை வேறு, இது வேறு என்று நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே எங்கள் கருப்புக்கோழி கூண்டுக்குள் புகுந்து, குட்டிக்காக விரித்த துண்டின்மேல் சவுகரியமாக உட்கார்ந்துகொண்டது. குட்டி வெளியே நின்று மரியாதையாக வாலை ஆட்டியது. சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

நாய் தான் படுக்கிற இடத்தை அசிங்கம் செய்யாது. அதனால் கூண்டில் படுக்கவிட்டு, திறந்ததும் நேரே வெளியே ஒரே இடத்துக்குத் தூக்கிப் போக வேண்டும். காரியம் முடிந்ததும் பாராட்ட வேண்டும். வீடியோ பார்த்து நான் கற்றுக்கொண்ட பாடம் அவ்வளவுதான். வாசல் மூலையில் இருக்கும் முருங்கை மரத்தடியை அந்த இடமாக வைத்துக்கொண்டேன். முதல் நாள் மாலை குட்டி அங்கே உட்கார்ந்து பெய்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. “சமத்து! என் ராஜாத்தி!” என்று கைதட்டிக் குதித்தேன். வேலந்தாவளம் போகிற பஸ் அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் வீட்டு வளைவில் மெதுவாகத் திரும்ப வேண்டுமா? ஜன்னலோரத்துத் தலைகள் அத்தனையும் என்னையே பார்த்தன. பார்க்கட்டுமே!

பகலெல்லாம் ஒழுங்காக இருக்கும். காலையில்தான் கோட்டை விடும். மரத்தடியில் இறக்கிவிட்டால் மூக்கைத் தரையில் வைத்து மூன்று சுற்று சுற்றும். எதையோ தொலைத்துவிட்ட மாதிரி என்னை நிமிர்ந்து பார்க்கும். அப்புறம் விறுவிறுவென்று வீட்டுக்குள் ஓடி, அத்தை விளக்கேற்றப் போகிற நேரமாகப் பார்த்து, சாமி ரூம் வாசலில் வேலையை முடித்துவிடும்.

நாலாம் நாள் அத்தை தீர்ப்புச் சொல்லிவிட்டார். “சந்தைக்கு எங்கண்ணன் மாடு பாக்க வருவாரு. அன்னைக்கும் உள்ள பேஞ்சுதுன்னா அவரு தோட்டத்துக்குப் போகட்டும். எனக்கு ஆகாதுன்னு இல்ல கண்ணு, சாமிக்கு ஆகாது.”

என் கணவர் தலை நிமிராமல் இட்லியை விண்டுகொண்டிருந்தார். அம்மாவின் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது என்பது அவருடைய அனுபவம். சந்தைக்கு இரண்டு நாள்தான் இருந்தது.

தடுப்பூசிக்காக மிருகாசுபத்திரிக்குப் போனபோது டாக்டரம்மாவிடம் அழாத குறையாகச் சொன்னேன். காலையில் வாசலில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். என்ன செய்வோம், சாணி கரைத்துத் தெளித்துக் கோலம் போடுவோம் என்றேன்.

“பின்னே! அதோட வாடை எங்க இருக்கோ அங்கதானே அது போகும்? நீங்கதான் தினமும் கழுகிக் களையறீங்களே” என்றார், மலையாளம் கலந்த தமிழில்.

நானே என் தலையில் குட்டிக்கொண்டேன். அது பாவம், விடிகாலையில் தன் வாடையைத் தேடித் தேடிச் சலித்திருக்கிறது. நானோ கைதட்டத் தயாராக நின்றுகொண்டிருந்திருக்கிறேன்!

அத்தையிடம் போய் ஒரு முழம் இடம் கேட்டேன். “மரத்தடியில மட்டும் தெளிக்காம விடுங்க அத்தை.”

அவர் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டார். “கல்யாணமாயி இந்த ஊட்டுக்கு வந்ததுலருந்து ஒரு நாளு, ஒரு மூலை நான் உட்டதில்ல. வாசல்ல மூத்தர வாடை அடிச்சா வர்றவங்க என்னையத்தான கேப்பாங்க?”

குட்டியின் துண்டைத் துவைத்துக் காயப்போட்டேன். அனுப்பும்போது கூடவே கொடுத்துவிடலாம்.

சந்தை நாள் காலை. கூண்டைத் திறந்து குட்டியை அணைத்துக்கொண்டு வெளியே வந்தேன். வாசல் முழுக்க சாணி ஈரம். கோலமும் போட்டாகிவிட்டது. முருங்கை மரத்தடியில் மட்டும் ஒரு முழ அகலத்துக்கு மண் காய்ந்து கிடந்தது.

குட்டி ஒரே ஒரு மோப்பம்தான் பிடித்தது. உட்கார்ந்துவிட்டது. நான் கையைத் தூக்குவதற்குள் எனக்குப் பின்னாலிருந்து கைதட்டல். திரும்பினால் அத்தை! விரலிடுக்கில் இருந்த கோலப்பொடி பறக்கப் பறக்கத் தட்டிக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டேன். குட்டி எங்கள் இருவர் காலையும் சுற்றி ஓடிக் கோலத்தை ஒருவழி செய்தது. யாரும் அதைத் திட்டவில்லை.

எட்டு மணிக்கு அத்தையின் அண்ணன் வந்தார். “நாய்க்குட்டி தர்றேன்னயே அம்மிணி?”

“எங்கூட்டு நாய எதுக்குங்ணா தர்றோம்?” என்றார் அத்தை.

அவர் செருப்பைக் கழற்றப் போனவர் மரத்தடியைப் பார்த்து நின்றுவிட்டார். “ஏனம்மிணி, இந்த மூலைக்குச் சாணி தெளிக்கலயா?”

அத்தை என்னைப் பார்க்கவே இல்லை.

“மறந்துட்டனுங்ணா” என்றார். “வயசாகுதில்லீங்க.”