எரிமலைத் தீவில் காயும் துணி

எரிமலைத் தீவுகளைச் சுற்றும் பாய்மரப் படகில் எனக்குப் பெரிய பதவி: பயணிகளின் துணி துவைப்பவன். இன்று நங்கூரம் போட்டிருக்கும் தீவில் மணலே கறுப்பு. யாரோ கரை முழுக்கத் தேயிலைத்தூளைக் கொட்டியது போல இருக்கிறது. மேலே எரிமலை புகைகிறது. அதைப் பார்க்கக் காசு கட்டி வந்தவர்கள் படகில் தூங்குகிறார்கள்.

படகில் துணி காயப்போட்டால் அழகு கெடுமாம். அதனால் கரையில், கடைக்கார அண்ணன் வீட்டுக் கொடியில் போட்டிருக்கிறேன். அண்ணன் இலங்கையில் எங்கள் தோட்டத்துக்குப் பக்கத்துப் பதுளை டவுன்காரர். இந்தத் தீவுப் பெண்ணைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார். பக்கத்துக் கொடியில் அண்ணியின் வெள்ளைப் படுக்கை விரிப்புகள். ஒரு சட்டையில் கறை பட்டாலும் என்னை இங்கேயே இறக்கிவிடுவதாகக் கப்டன் சொல்லியிருக்கிறார்.

திடீரென்று மலையுச்சி சாம்பல் நிறத்தில் மூடுகிறது. எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு மேலே நமுனுகுல மலை இப்படி மூடினால் மழைதான்; லயத்து வரிசை வீடுகளில் எல்லாரும் கொடிக்குத்தான் ஓடுவோம். நானும் ஓடித் துணியை அள்ளிக் கடைக்குள் போடுகிறேன்.

"என்னடா, மழையா?" அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். "இந்த மாசத்துல இங்க ஒரு சொட்டு பேயாது. தோட்டத்துப் புத்தி உன்ன விட்டுப் போகாதுடா."

"ஆமாண்ணே, நீங்க டவுன்காரவுங்க, உங்களுக்குத் தெரியும்."

மழை வரவில்லை. சாம்பல் வருகிறது, மாவு சலிப்பது போல மெதுவாக. வெள்ளை விரிப்புகள் கறுக்கின்றன. அண்ணி வெளியே வந்து அண்ணனைத் தன் பாஷையில் வாங்கு வாங்கென்று வாங்குகிறார். எனக்கு ஒரு சொல்லும் தெரியாது, எல்லாம் புரிகிறது.

"நீங்க சொன்னது சரிதாண்ணே," என்கிறேன். "ஒரு சொட்டுப் பேயல."